வெளிநாட்டு அமெரிக்கப் படைத்தளத்தில் நூலகம்: புதிதாக வரும் தமிழ்க் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

அமெரிக்க ராணுவம் 2008-இல் ‘மாவ்னி’ என்ற ஆள்சேர்ப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது. குடியுரிமை இல்லாதவர்களும் சில குறிப்பிட்ட மொழிகள் தெரிந்திருந்தால் படையில் சேரலாம் என்றது அது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016-க்குப் பிறகு அதன் வழியாகப் புதிதாக ஆள் எடுக்கவில்லை. அப்போது சேர்ந்தவர்களும், அமெரிக்காவிலேயே வளர்ந்து சேர்ந்த தமிழர்களும் இன்று கொரியா, ஜப்பான், ஜெர்மனி என்று குடும்பத்தோடு பல ஊர்களில் இருக்கிறார்கள். மாற்றல் உத்தரவு வந்ததும் வீடு, பள்ளிக்கூடம், அரிசி பருப்பு கிடைக்குமா என்று எல்லாவற்றையும் விசாரிக்கிறோம். நூலகத்தைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. பல மாதம் கழித்துத்தான் “இது முன்னாடியே தெரியாமப் போச்சே” என்கிறார்கள். அவர்களுக்காக இந்தப் பக்கம். இதில் உள்ளவை அமெரிக்கப் படைத்தளங்களுக்கு மட்டும் பொருந்தும். அவற்றிலும் தளத்துக்குத் தளம் சின்னச் சின்ன வித்தியாசங்கள் இருக்கும்.

ராணுவ நூலகம் என்றால் போர், ஆயுதம் பற்றிய புத்தகங்கள்தானே இருக்கும்?

இல்லை. படைத்தளத்தில் நீங்கள் போகப்போவது ஊர்ப் பொது நூலகம் போன்ற ஒன்றுக்கு. நாவல், சமையல் புத்தகம், குழந்தைகளின் படக்கதை, காமிக்ஸ், டிவிடி, வீடியோ கேம், பயண வழிகாட்டி எல்லாம் இருக்கும். ராணுவ வரலாற்றுக்கும் ஒரு பகுதி இருக்கும், குறிப்பாக மரீன் படையின் முகாம்களில். மரீன் படைத் தளபதி வெளியிடும் வாசிப்புப் பட்டியலில் உள்ள புத்தகங்களை அங்கே தனி அலமாரியில் வைத்திருப்பார்கள். ஜெனரல் ஆல்ஃப்ரெட் கிரே 1980-களின் இறுதியில் தொடங்கிவைத்த வழக்கம் அது.

போர்க்கல்லூரி, ஆராய்ச்சிக்கூடம் போன்றவற்றுக்குத் தொழில்நுட்ப நூலகங்கள் தனியாக உண்டு. அவற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நாம் பேசுவது ‘எம்.டபிள்யூ.ஆர்.’ என்று எல்லோரும் சொல்லும் நலன், பொழுதுபோக்குப் பிரிவின் கீழ் வரும் நூலகம். தென்கொரியாவில் பியோங்டேக் அருகிலுள்ள கேம்ப் ஹம்ப்ரீஸ், ஜெர்மனியில் ராம்ஸ்டைன், ஜப்பானின் ஒகினாவாவில் கடேனா ஆகிய எல்லாத் தளங்களிலும் இது உண்டு. ஒகினாவாவில் மரீன் முகாம்களான ஃபாஸ்டர், ஹேன்சன் போன்றவற்றிலும் தனித்தனி நூலகம் இருக்கிறது. ஒன்றில் இல்லாததை இன்னொன்றில் தேடலாம்.

காசு கட்ட வேண்டுமா?

வேண்டாம். உறுப்பினர் கட்டணமும் இல்லை, வகுப்புக் கட்டணமும் இல்லை. காரணம் தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை இந்த நலன் வசதிகளை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறது. கோல்ஃப் மைதானமும் பவுலிங் கூடமும் ‘சி’ வகை. அவை பெரும்பாலும் தங்கள் வருமானத்தில்தான் ஓட வேண்டும். குழந்தைகள் காப்பகம் ‘பி’ வகை. அதற்குப் பாதி அரசு உதவி, மீதி நம் கையிலிருந்து. நூலகமோ உடற்பயிற்சிக்கூடத்தோடு சேர்ந்து ‘ஏ’ வகையில் வருகிறது. படையின் பணிக்கே இன்றியமையாதது என்று கருதி, நாடாளுமன்றம் ஒதுக்கும் பணத்தில் நடத்த வேண்டிய வகை இது.

படைத்தள வாழ்க்கையில் எங்கே போனாலும் ஏதாவது வாங்க வேண்டியிருக்கும், இல்லையென்றால் யாருடைய பதவி என்ன என்று பார்த்துப் பேச வேண்டியிருக்கும். கர்னல் வீட்டுப் பிள்ளையும் கடைநிலைச் சிப்பாய் வீட்டுப் பிள்ளையும் ஒரே கம்பளத்தில் உட்கார்ந்து கதை கேட்கும் இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

புத்தகத்தைத் தொலைத்தால் மட்டும் விலை கொடுக்க வேண்டும். அதே பதிப்பின் புதுப் பிரதியை வாங்கித் தந்தால் ஏற்றுக்கொள்கிறார்களா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.

யாரெல்லாம் உறுப்பினராகலாம்?

பணியில் இருக்கும் படையினர், ரிசர்வ் படையினர், ஓய்வுபெற்றவர்கள், இவர்கள் எல்லோருடைய குடும்பத்தினர், பாதுகாப்புத் துறையின் சிவில் ஊழியர்கள். பாதுகாப்புத் துறை கொடுத்த ஐடி கார்டு கையில் இருந்தால் பெரும்பாலும் அதுவே போதும். புதிதாக வந்தவர்கள் மாற்றல் உத்தரவின் ஒரு நகலையும் எடுத்துப் போவது நல்லது. நூலகத்தில் மட்டும் என்றில்லை, முதல் மாதம் முழுக்க எங்கே போனாலும் அதைக் கேட்பார்கள்.

கொரியாவில் ‘கட்டூசா’ வீரர்களையும் நூலகத்தில் பார்க்கலாம். கொரிய இளைஞர்கள் தங்கள் கட்டாய ராணுவ சேவையை அமெரிக்கப் படையோடு சேர்ந்து செய்யும் ஏற்பாடு அது. 1950-இல் கொரியப் போர்க்காலத்தில் தொடங்கியது இன்றுவரை தொடர்கிறது. மாலை வேளையில் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவர்களில் கணிசமானோர் அவர்கள்தான்.

ஒப்பந்த நிறுவனங்களின் ஊழியர் விஷயம் வேறு. குவைத், கத்தார், பஹ்ரைன் தளங்களில் சமையல், துப்புரவு, பராமரிப்பு வேலைகளில் நம் ஊரிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய ஒப்பந்தத்திலும் நுழைவு அட்டையிலும் எந்த வசதிகளுக்கு அனுமதி என்று எழுதியிருக்கிறதோ அவ்வளவுதான். இது நியாயமா என்று கேட்டால் எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் முகப்பில் இருக்கும் நூலகரால் அதை மாற்ற முடியாது. உங்கள் மேற்பார்வையாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

பிரசவத்துக்கு ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். அவரை அழைத்துப் போகலாமா?

போகலாம், ஆனால் தளத்துக்குள் விருந்தினராக நீங்கள் கையெழுத்துப் போட்டு அழைத்துவர வேண்டும். வாயிலில் பாஸ்போர்ட் கேட்பார்கள். சில நாட்டவருக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டியிருக்கும், அதனால் விமான டிக்கெட் போடும்போதே பாஸ் அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். உள்ளே வந்த பிறகு, வரியில்லாப் பொருள் விற்கும் கடைகளில் விருந்தினர் எதுவும் வாங்கக் கூடாது. அந்தந்த நாட்டோடு போட்ட ஒப்பந்தத்தின் விதி அது. நூலகத்தில் விற்பனை எதுவும் இல்லை என்பதால் இந்தச் சிக்கலும் இல்லை. அம்மா உங்களோடு உட்கார்ந்து பேரக்குழந்தைக்குப் படம் காட்டலாம். அவர் பெயரில் புத்தகம் எடுக்க முடியாது, உங்கள் அட்டையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போதுதான் வந்து இறங்கினோம். வீடு இன்னும் கிடைக்கவில்லை, நெட்டும் இல்லை. நூலகம் எதற்கு உதவும்?

இந்த நேரத்தில்தான் அது ரொம்ப உதவும். உங்கள் வீட்டுச் சாமான் கப்பலில் வந்துகொண்டிருக்கும், வந்து சேர வாரக்கணக்காகும். விடுதி அறையில் இரண்டு பெட்டியும் குழந்தைகளும் நீங்களும். வீட்டுக்காரர் காலையில் போனால் மாலையில்தான் வருவார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கும்.

நூலகத்தில் வைஃபை உண்டு. கணினி உண்டு, அச்சு எடுக்கலாம், ஸ்கேன் செய்யலாம். ராணுவ அட்டையைச் செருகி உள்நுழையும் கருவி பொருத்திய கணினிகளும் வழக்கமாக இருக்கும். பள்ளிச் சேர்க்கைப் படிவம், தடுப்பூசிச் சான்று, வாடகை ஒப்பந்தம் என்று முதல் சில வாரங்களில் காகிதம் வந்துகொண்டே இருக்கும். இவற்றை எல்லாம் கணவரின் அலுவலகப் பிரிண்டரை நம்பிச் செய்யாதீர்கள்.

இன்னொன்று, நூலக முகப்பில் இருக்கும் ஊழியரிடம் ஊர் நிலவரத்தைக் கேளுங்கள். பஸ் எங்கே நிற்கும், எந்த வாயில் ராத்திரி பூட்டப்படும், குழந்தை மருத்துவர் யார் என்பதெல்லாம் வரவேற்புக் கையேட்டைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களில் பலர் அந்த ஊர்க்காரர்கள், பல ஆண்டுகளாக அங்கேயே வேலை செய்பவர்கள். நாம் மூன்று வருடத்தில் கிளம்பிவிடுவோம், அவர்கள் இருப்பார்கள்.

குழந்தைகளுக்கு என்னென்ன இருக்கிறது?

வாராவாரம் கதை நேரம், பெரும்பாலும் பள்ளிக்குப் போகாத வயதினருக்கு, காலை வேளையில். லெகோ விளையாட்டு, கைவினை, பதின்ம வயதினருக்குத் தனிக் குழு ஆகியவை தளத்தைப் பொறுத்தவை. சில இடங்களில் பயிற்சி பெற்ற நாய்களை அழைத்துவந்து, திக்கித் திணறிப் படிக்கும் பிள்ளைகளை அவற்றுக்கு முன்னால் சத்தமாக வாசிக்கச் சொல்வார்கள். கேட்கும்போது சிரிப்பு வரும். ஆனால் தப்பாக வாசித்தால் நாய் திருத்துவதில்லை அல்லவா, பிள்ளைகளுக்குக் கூச்சம் போய்விடுகிறது.

கோடை விடுமுறையில் வாசிப்புத் திட்டம் நடக்கும். உலகெங்கும் உள்ள அமெரிக்கப் படை நூலகங்கள் ஒரே தலைப்பில் நடத்துவது இது. எவ்வளவு நேரம், எத்தனை புத்தகம் வாசித்தோம் என்று பதிவு செய்து சின்னப் பரிசுகள் வாங்கலாம். கோடையில்தான் மாற்றலும் நடக்கும் என்பதால், ஒரு நாட்டில் தொடங்கிய வாசிப்பை இன்னொரு நாட்டில் முடிக்கும் பிள்ளைகள் உண்டு. பெயர் பதியும்போதே இடையில் ஊர் மாறப்போவதைச் சொல்லிவிடுங்கள்.

ஏப்ரல் மாதம் படையினரின் பிள்ளைகளுக்கான மாதம். 1986-இல் அப்போதைய பாதுகாப்புச் செயலர் காஸ்பர் வைன்பர்கர் அறிவித்தது. ஊதா நிற உடை, போட்டிகள் என்று நூலகமும் களை கட்டும்.

வீட்டுப்பாடத்துக்கு ட்யூட்டர் டாட் காம் சேவை படைக் குடும்பங்களுக்கு இலவசம், எந்நேரமும் ஆசிரியர் இணையத்தில் கிடைப்பார். அமெரிக்க நேரத்துக்கும் கொரிய நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துப் பார்த்தால் ‘எந்நேரமும்’ என்பது எவ்வளவு பெரிய வசதி என்று புரியும்.

சிறு பிள்ளைகளைத் தனியே விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். எத்தனை வயதுப் பிள்ளை பெரியவர் துணையின்றி இருக்கலாம் என்று ஒவ்வொரு தளத்துக்கும் எழுதப்பட்ட விதி இருக்கிறது. மீறினால் விஷயம் கணவரின் மேலதிகாரி வரை போகும்.

அப்பா பல மாதம் வெளியே போய்விடுகிறார். குழந்தை அவர் குரலையே மறந்துவிடும் போலிருக்கிறது.

இதற்கென்றே ‘யுனைடெட் த்ரூ ரீடிங்’ என்ற தொண்டு நிறுவனம் இருக்கிறது. 1989-இல் தொடங்கியது. படைவீரர் ஒரு குழந்தைப் புத்தகத்தைச் சத்தமாக வாசிப்பதை வீடியோ எடுத்து, அதைப் புத்தகத்தோடு வீட்டுக்கு அனுப்ப வழி செய்கிறார்கள். நூலகங்கள் சிலவற்றிலும் படையினருக்கு உதவும் தொண்டு அமைப்பான யு.எஸ்.ஓ.வின் மையங்களிலும் பதிவு செய்யும் வசதி இருக்கும், கைப்பேசிச் செயலி வழியாகவும் செய்யலாம்.

நம் வீடுகளில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். வாசிப்பது ஆங்கிலப் புத்தகமாக இருந்தாலும், இடையில் “என் தங்கம், இந்தக் குரங்கைப் பாத்தியா” என்று தமிழில் பேசிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். மூன்று வயதுக் குழந்தை திரும்பத் திரும்பப் பார்க்கக் கேட்பது அந்தப் பகுதியைத்தான். புறப்படுவதற்கு முன்பே, அவசரமில்லாத ஒரு மாலையில், நாலைந்து பதிவுகளை எடுத்து வைத்துவிடுங்கள். போன பிறகு நேரமும் இணையமும் கிடைக்கும் என்று நம்பி உட்காராதீர்கள்.

எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. போகக் கூச்சமாக இருக்கிறது.

உங்களைப் போன்றவர்கள் அங்கே நிறைய. படைவீரரை மணந்து வந்த கொரிய, ஜப்பானிய, ஜெர்மன், பிலிப்பைன்ஸ் பெண்கள் பலருக்கும் ஆங்கிலம் இரண்டாம் மொழிதான். பல நூலகங்களில் ஆங்கில உரையாடல் குழு கூடும், சிலவற்றில் உள்ளூர் மொழி கற்கும் குழுவும் உண்டு. இலக்கணம் யாரும் நடத்தமாட்டார்கள், உட்கார்ந்து பேசுவதுதான்.

தனியே படிக்க விரும்பினால் நூலகக் கணக்கு வழியாக மேங்கோ போன்ற மொழிப் பயிற்சிச் செயலிகள் கிடைக்கும். எந்தச் செயலி என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்து ஆண்டுக்காண்டு மாறும், முகப்பில் கேட்டுக்கொள்ளுங்கள். கொரியன், ஜப்பானியம், ஜெர்மன் எல்லாம் உண்டு. மேங்கோவில் தமிழும் இருக்கிறது, தமிழ் தெரியாத மருமகனுக்கோ மருமகளுக்கோ சொல்லி வையுங்கள்.

குடியுரிமைத் தேர்வுக்கு நூலகத்தில் படிக்கலாமா?

தாராளமாக. படைவீரரின் கணவனோ மனைவியோ வெளிநாட்டில் உடன் வசிக்கும்போது, அமெரிக்கா போகாமல் அங்கேயே குடியுரிமை பெற 2008-இல் வந்த சட்டம் வழி செய்தது. அதற்கான பாடநூல்கள் நூலகத்தில் இருக்கும். ஆனால் புத்தகத்தின் ஆண்டைப் பாருங்கள். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பித்தவர்களுக்குப் புதிய தேர்வு. 128 கேள்விகள் கொண்ட பட்டியலிலிருந்து 20 கேட்பார்கள், 12-க்குச் சரியாகச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய தேர்வில் 100 கேள்விகள் கொண்ட பட்டியலிலிருந்து 10 கேட்பார்கள், 6 சரியாக இருந்தால் போதும். அலமாரியில் பழைய பதிப்பு இருந்தால் அதை நம்பித் தயாராகிவிடாதீர்கள்.

மின்னூல், ஒலிநூல்?

நூலகங்களின் மின்னூல்களை இரவல் தரும் ‘லிபி’ (Libby) என்ற செயலியில் கிடைக்கும். பாதுகாப்புத் துறையின் டிஜிட்டல் நூலகத்தில் நாளிதழ்கள், தேர்வுப் பயிற்சிகள், வம்சாவளி தேடும் தளங்கள்கூட இருக்கின்றன. முதல் முறை கணக்கு தொடங்கும்போது ராணுவத் தகுதியைச் சரிபார்ப்பார்கள். அது முடிந்தால் தளத்துக்கு வெளியே வாடகை வீட்டிலிருந்தும் பயன்படுத்தலாம். புதுப் புத்தகங்களுக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளமாகத்தான் இருக்கும். அமெரிக்காவில் நீங்கள் இருந்த ஊரின் பொது நூலக அட்டை இன்னும் செல்லுபடியானால் அதையும் அதே செயலியில் சேர்த்துவிடுங்கள்.

கப்பலிலும் நீர்மூழ்கியிலும் இருப்பவர்கள் எப்படி வாசிப்பார்கள்?

கப்பல்களுக்குக் கடற்படையின் நூலகத் திட்டம் புத்தகங்களை அனுப்பிவைக்கும். நீர்மூழ்கியில் இடம் கிடையாது, சிக்னல் வெளியே போகவும் கூடாது. அதனால் 2014-இல் கடற்படை தனக்கென்றே ஒரு மின்வாசிப்பான் செய்வித்தது. பெயர் ‘நெர்ட்’. 300 புத்தகங்கள் உள்ளேயே பதிந்திருக்கும். வைஃபை இல்லை, கேமரா இல்லை, எதையும் புதிதாக ஏற்றவும் முடியாது. ஒரு நீர்மூழ்கிக்கு ஐந்து கருவிகள் என்று கொடுத்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் உள்ளே இருக்கும்போது ஐந்து போதுமா என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு முன் ஒரு சின்ன அலமாரிக்குள் இருந்ததோ கைக்கெட்டிய சில பழைய தாளட்டைப் புத்தகங்கள்தான், அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்த நூலகங்கள் எப்போது, எப்படித் தொடங்கின?

முதல் உலகப் போரில். 1917-இல் அமெரிக்கா போரில் இறங்கியதும் அமெரிக்க நூலகச் சங்கம் ‘போர் நூலகச் சேவை’யைத் தொடங்கியது. தலைமை ஏற்றவர் ஹெர்பர்ட் புட்னம், அப்போது அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தலைவர். பொதுமக்களிடம் வசூலித்தது சுமார் 50 லட்சம் டாலர். கார்னகி அறக்கட்டளையின் பணத்தில் 36 முகாம் நூலகங்கள் கட்டினார்கள். போர் முடிந்தபின் அந்தப் புத்தகங்களில் ஒரு பகுதி பாரிஸிலேயே தங்கிவிட்டது. 1920-இல் அங்கே தொடங்கிய அமெரிக்க நூலகம் அவற்றை வைத்துத்தான் உருவானது. இன்றும் ஐஃபல் கோபுரத்துக்குச் சற்றுத் தள்ளி இயங்குகிறது. ஜெர்மனியில் இருப்பவர்கள் பாரிஸ் போனால் எட்டிப் பார்க்கலாம்.

இரண்டாம் உலகப் போரில் நடந்தது இன்னும் சுவையானது. முதலில் வீடு வீடாகப் பழைய புத்தகம் சேகரித்தார்கள். கனமான கெட்டி அட்டைப் புத்தகங்களும் யாருக்கும் வேண்டாதவையும் நிறைய வந்து சேர்ந்தன. அவற்றை முதுகில் சுமந்துகொண்டு எந்தச் சிப்பாயும் நடக்க முடியாது. அப்போதுதான் பதிப்பாளர்கள் கூடி, ராணுவத்தின் நூலகப் பிரிவோடு சேர்ந்து, சட்டைப் பைக்குள் அடங்கும் ‘ஆர்ம்டு சர்வீசஸ் எடிஷன்’ புத்தகங்களை 1943-இல் கொண்டுவந்தார்கள். பத்திரிகை அச்சிடும் எந்திரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு புத்தகங்களைச் சேர்த்தே அச்சிட்டு நடுவில் வெட்டினார்கள். அதனால்தான் உயரம் குறைவாக, அகலம் அதிகமாக இருந்தன. பசைக்குப் பதில் கம்பி ஊசி போட்டுத் தைத்தார்கள், வெப்பமண்டலக் காடுகளில் பூச்சிகள் பசையைத் தின்றுவிடும் என்று. 1947 வரை 1,322 வெளியீடுகள், ஏறத்தாழ 12 கோடியே 30 லட்சம் பிரதிகள்! ஒரு பிரதியின் செலவு ஆறு சென்ட் அளவுதான். புத்தகம் என்றால் காத தூரம் ஓடியவர்கள் பலர் பதுங்குகுழியில் வாசகர்களாகி, போருக்குப் பிறகு அரசுச் செலவில் கல்லூரிக்கும் போனார்கள். அமெரிக்காவில் மலிவுப் பதிப்புக்குப் பெரிய சந்தை உருவானதில் இந்தப் புத்தகங்களுக்கும் பங்கு உண்டு.

எந்தப் புத்தகத்தை வைப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள்? தணிக்கை உண்டா?

நாள்தோறும் தேர்வு செய்வது நூலகர்தான். நீங்களும் வாங்கச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். நியாயமான வேண்டுகோளைத் தட்டுவதில்லை.

ஆனால் அரசியல் உள்ளே வந்ததே இல்லை என்று சொல்ல முடியாது. 1944-இல் படைவீரர்களின் வாக்குரிமைச் சட்டத்தில் ஐந்தாம் பிரிவு என்று ஒன்றைச் செருகினார்கள். தேர்தலைப் பாதிக்கக்கூடிய அரசியல் கருத்துள்ள புத்தகத்தை அரசுச் செலவில் வீரர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்றது அது. அதிகாரிகள் பயந்துபோய் வரலாற்று நூல்களையும் வாழ்க்கை வரலாறுகளையும் ஒதுக்கத் தொடங்கினார்கள். பதிப்பாளர்களும் பத்திரிகைகளும் போட்ட சத்தத்தில் அதே ஆண்டு ஆகஸ்டில் சட்டத்தைத் தளர்த்த வேண்டியதாயிற்று. ஹிட்லர் புத்தகங்களைக் கொளுத்தினார் என்று பிரசாரம் செய்துகொண்டே தன் வீரர்களின் புத்தகங்களைப் பிடுங்குவது எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

2025-இல் அந்தக் கதை வேறு உருவில் திரும்பியது. பன்முகத்தன்மை, இனம், பாலினம் பற்றிய அரசாணைகளைத் தொடர்ந்து, அனபோலிஸ் கடற்படைக் கல்லூரியின் நிமிட்ஸ் நூலகத்திலிருந்து ஏப்ரல் தொடக்கத்தில் 381 புத்தகங்கள் அகற்றப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை பிறகு அலமாரிக்குத் திரும்பின. பாதுகாப்புத் துறை நடத்தும் பள்ளிகளின் நூலகங்களிலும் புத்தகங்கள் எடுக்கப்பட்டன, பெற்றோரும் மாணவர்களும் நீதிமன்றம் போனார்கள். கல்லூரி, பள்ளி, சமூக நூலகம் மூன்றும் தனித்தனி நிர்வாகம். பள்ளியில் காணாமல் போன புத்தகம் சமூக நூலகத்தில் இருக்கக்கூடும். பிள்ளை கேட்ட புத்தகம் ஓரிடத்தில் இல்லையென்றால் மற்றதில் கேட்டுவிடுங்கள், மின்னூலிலும் தேடுங்கள்.

தமிழ்ப் புத்தகங்கள் கிடைக்குமா?

அலமாரியில் எதிர்பார்க்காதீர்கள். ஆங்கிலம், அடுத்தபடியாக ஸ்பானிஷ், பிறகு அந்தந்த நாட்டு மொழி, அவ்வளவுதான். நூலகத்தின் வைஃபையில் உட்கார்ந்து வேறு கதவைத் தட்டலாம். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் கல்கி வரை இலவசமாகப் படிக்கலாம். இலங்கைத் தமிழ் நூல்களும் இதழ்களும் வேண்டுமென்றால் 2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் பெரியது. ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. கொலோன் பல்கலைக்கழகத்தில் உள்ள தமிழ் நூல் தொகுப்பு ஐரோப்பாவில் பெரியவற்றில் ஒன்று. ராம்ஸ்டைனிலிருந்து காரில் போய்வரக்கூடிய தூரம்தான், ஆனால் ஆராய்ச்சி நூலகம் என்பதால் முன்கூட்டி எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள்.

தளத்து நூலகத்தில் தமிழ்க் கதை நேரம் நடத்தலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கேட்டுப் பார்ப்பதில் தவறே இல்லை. தீபாவளி, பொங்கல் சமயத்தில் இந்தியக் கதை, கோலம் என்று ஒரு மணி நேர நிகழ்ச்சிக்குத் தன்னார்வலர் கிடைத்தால் நூலகருக்கு மகிழ்ச்சிதான். நிகழ்ச்சி அட்டவணை முன்கூட்டியே முடிவாகிவிடும் என்பதால் ஜனவரிப் பொங்கலுக்கு டிசம்பர் கடைசியில் போய் நிற்காதீர்கள்.

பெரியவர்களுக்கு நிகழ்ச்சிகள்?

வாசகர் வட்டம், பின்னல், பலகை விளையாட்டு, ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டு இரவுகள், சில இடங்களில் முப்பரிமாண அச்சு எந்திரமும் தையல் எந்திரமும். குடும்பமில்லாமல் பாசறையில் தங்கியிருக்கும் இளம் வீரர்கள் விளையாட்டு இரவுகளுக்குத்தான் அதிகம் வருவார்கள்.

வெளியே ஊர் நூலகத்திலும் சேரலாமா?

பார்க்க யாரும் தடுக்கமாட்டார்கள். உறுப்பினராவதில்தான் நாட்டுக்கு நாடு வித்தியாசம். ஜெர்மனியில் நகர நூலகங்கள் பெரியவர்களிடம் பெரும்பாலும் ஆண்டுக் கட்டணம் வாங்கும், முகவரிச் சான்று கேட்கும். கொரியாவில் படையினரின் குடும்பங்கள், அங்குள்ள அமெரிக்கப் படைகள் குறித்து இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் கீழ் வருவதால் மற்ற வெளிநாட்டவரைப் போல் பதிவு அட்டை இருக்காது. அந்த எண் இல்லாமல் கணினி ஏற்காமல் திணறும். பொறுமையாக விளக்கினால் சில ஊர்களில் வழி செய்து தருவார்கள். கொரிய நகர நூலகங்களின் குழந்தைகள் பகுதி அழகாக இருக்கும், உறுப்பினராகாவிட்டாலும் போய்ப் பாருங்கள்.

நூலகத்தில் வேலை கிடைக்குமா?

நூலகர் பணி, அமெரிக்க அரசின் சிவில் பணிப் பட்டியலில் ‘ஜி.எஸ். 1410’ என்ற தொடரில் வரும். நூலகவியலில் முதுகலைப் பட்டமும் வழக்கமாக அமெரிக்கக் குடியுரிமையும் வேண்டும். நம் ஊரில் எம்.எல்.ஐ.எஸ்-சி. முடித்தவர்கள் பட்டத்தை அமெரிக்க மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றில் மதிப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ‘1411’ தொடரில் வரும் நூலக உதவியாளர் பணிக்கு அந்தப் பட்டம் தேவையில்லை. படைவீரரின் துணைவருக்கு முன்னுரிமை உண்டு என்றாலும் வெளிநாட்டில் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பல பணிகள் உள்ளூர் மக்களுக்கென்று ஒதுக்கப்பட்டவை. தன்னார்வலராகச் சேர்ந்தால் அனுபவச் சான்று கிடைக்கும், இடம் காலியாகும் சேதியும் முதலில் காதில் விழும்.

வீட்டிலுள்ள புத்தகங்களை நூலகத்துக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள். மாற்றல் பருவத்தில் எடை குறைக்க எல்லோரும் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். எடுத்துக்கொண்டதை எல்லாம் அலமாரியில் வைக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

மாற்றல் வந்துவிட்டது. நூலகத்தில் ஏதாவது செய்ய வேண்டுமா?

கட்டாயம். தளத்தை விட்டுக் கிளம்பும்முன் முடிக்க வேண்டிய ஒப்புதல் பட்டியலில் நூலகமும் ஒன்று. குடும்பத்தில் யார் பெயரிலாவது புத்தகம் நிலுவையில் இருந்தால் ஒப்புதல் கிடைக்காது, கடைசி வாரத்தில் வீரர்தான் ஓடி அலைய வேண்டும். இதில் அடிக்கடி நடப்பது ஒன்று: நூலகப் புத்தகம் வீட்டுச் சாமானோடு பெட்டியில் ஏறிக் கப்பலுக்குப் போய்விடும். பொதி கட்டுபவர்கள் கண்ணில் பட்டதை எல்லாம் கட்டிவிடுவார்கள். அவர்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்பே எல்லோருடைய கணக்கையும் சரிபார்த்து, கட்டில் அடியிலும் கார் இருக்கைக்குப் பின்னாலும் தேடித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மின்னூல் கணக்கு அப்படியே இருக்கட்டும், அடுத்த ஊரிலும் அதே கணக்குதான்.